பட்டாவும் பள்ளிக்கூடமும்

(தலைப்பு: ‘நாடு செழிப்பது மண்ணின் வளத்தாலா, மக்களின் உரிமையாலா?’ தியாகதுருகம் மேடையில் ‘மக்களின் உரிமையாலே’ என்ற அணியில் நிகழ்த்திய உரை.)

    

எதிரணித் தலைவர் பேசும்போது ஒரு கேள்வி கேட்டாரு. “தங்கம் இருக்கிற நாடு, எண்ணெய் ஊறுகிற நாடு, ஆறு பாய்கிற நாடு, அதுதானே ஐயா செழிக்கும்? ஒண்ணுமில்லாத மண்ணுல உரிமையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? உரிமையை உலையில போட்டா சோறாகுமா?” அப்படின்னு கேட்டாரு. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா யாராயிருந்தாலும் தட்டணும். ஆனா கைதட்டல் வேற, தீர்ப்பு வேற. (சிரிப்பு)

அவர் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். ‘நாடு’ என்னும் அதிகாரத்தில் ஒன்பதாவது குறளைச் சொல்லி, தேடி அலையாமல் தானாகவே வளம் தருவதுதான் நாடு என்று முடித்துவிட்டார். அதற்கு அடுத்தாற்போல் பத்தாவது குறள் ஒண்ணு இருக்குதுங்களே, அதை ஏன் சொல்லவில்லை? எல்லா வளமும் அமைந்திருந்தாலும் ஆட்சி சரியாக அமையாத நாட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று அதே வள்ளுவர் அதே அதிகாரத்தில் சொல்கிறார். ஒன்பது வரைக்கும் படிச்சிட்டுப் புத்தகத்தை மூடிட்டா எப்படி ஐயா? (கைதட்டல்)

நடுவர் ஐயா, பசிபிக் பெருங்கடலில் நவ்ரு என்று ஒரு குட்டித் தீவு. மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவு முழுக்க பாஸ்பேட், உரம் தயாரிக்கிற மண். 1968இல் விடுதலை கிடைத்தது. வெட்டினார்கள், விற்றார்கள். 1970களில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் பார்த்தால் உலகத்தில் முன்வரிசை. வருமான வரி கிடையாது. சொந்தமாக விமானங்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 52 மாடிக் கட்டடம். எதிரணி நண்பர்கள் அங்கே பிறந்திருந்தா இந்த மேடைக்கே வந்திருக்க மாட்டாங்க. (சிரிப்பு) 1993இல் லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றி ஒரு இசை நாடகம் போட்டார்கள். அதற்கு முதல் போட்டது யார் தெரியுமா? இந்த நவ்ரு! நாடகம் படுத்துக்கிச்சு. மண்ணும் தீர்ந்துபோச்சு. 2004இல் கடனுக்காக அந்த 52 மாடியும் கைவிட்டுப் போனது. 2001ஆம் ஆண்டிலிருந்து, ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்த அகதிகளைத் தங்கள் தீவில் அடைத்து வைக்க இடம் கொடுத்து, அதற்குப் பணம் வாங்கிப் பிழைக்கிற நிலைமை. மண்ணை விற்றவன் மண் தீர்ந்ததும் என்ன செய்வான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேணுமா?

“அது சின்னத் தீவு, விடுங்க” என்பார்கள். சரி, பெரிய நாடாகவே பார்ப்போம். ஆப்பிரிக்காவில் காங்கோ. செம்பு, வைரம், கோபால்ட், தங்கம் எல்லாம் அங்கே இருக்கு. நம்ம சட்டைப் பையில் இருக்கிற செல்போன் பாட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டு மண்ணிலிருந்துதான் வருகிறது. 1960இல் பெல்ஜியம்காரன் விட்டுப் போனபோது அந்த நாட்டில் பட்டப்படிப்பு முடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1965இல் மொபுட்டு என்ற படைத்தளபதி ஆட்சியைப் பிடித்தார். 32 வருஷம் இருந்தார். சொந்த ஊரில் மாளிகை கட்டினார். கான்கார்டு விமானம் வந்து இறங்குகிற அளவுக்கு ஓடுதளம் போட்டார். ஊர் மக்களுக்குப் பேருந்து போகிற சாலை இல்லை, தலைவருக்குக் கான்கார்டு! நிலத்துக்குக் கீழே இருக்கிற வளம் நிலத்துக்கு மேலே இருக்கிற மனுஷனுக்கு வரவே இல்லையே ஐயா. நடுவில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதானே கேள்வி?

(நடுவர்: எதிரணி அம்மா போட்ஸ்வானாவைச் சொன்னாங்களே? வைரத்தாலதானே அந்த நாடு வளர்ந்தது?)

வர்றேன் ஐயா, அங்கேதான் வர்றேன். போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றது. அடுத்த வருஷமே வைரம் கண்டுபிடித்தார்கள். நாடு நன்றாக வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் சியரா லியோனிலும் வைரம் இருந்ததே! அங்கே 1991இலிருந்து 2002 வரைக்கும் அந்த வைரத்தை விற்ற காசில் துப்பாக்கி வாங்கி ஒருத்தரை ஒருத்தர் சுட்டார்கள். ஒரே கல்லுதான். இங்கே பள்ளிக்கூடம் ஆச்சு, அங்கே துப்பாக்கி ஆச்சு. வித்தியாசம் எங்கே? போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, ஒரு பெரிய இனக்குழுவின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். வைரம் கிடைத்த பூமி அவருடைய இனத்தாரின் பூமி. “எங்க ஊரு வைரம், எங்களுக்குத்தான்” என்று அவர் சொல்லியிருக்கலாம். 1967இல் என்ன சட்டம் போட்டார்? பூமிக்குக் கீழே கிடைப்பது எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று போட்டார். அந்த அம்மா வைரத்தைப் பார்த்தாங்க. நான் அந்தச் சட்டத்தைப் பார்க்கிறேன். (கைதட்டல்)

இப்போ எங்கள் அணியின் பெரிய சாட்சிக்கு வருகிறேன். கொரியா. 1945 வரைக்கும் ஜப்பான்காரனுக்கு அடிமை. அதுக்கப்புறம் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். கனிமமும் மின்சாரமும் பெரிய தொழிற்சாலைகளும் பெரும்பாலும் வடக்கே போய்விட்டன. தெற்கே மிஞ்சியது நெல் வயலும் குத்தகை விவசாயியும். விளைந்ததில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவிட்டு மீதியில் கஞ்சி குடித்தவர்கள். மூணு வருஷப் போர் வேறு. 1960வாக்கில் தென் கொரியாவின் தலா வருமானமும், கொக்கோவும் தங்கமும் இருந்த கானாவின் தலா வருமானமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இந்த நாடு எப்படி எழுந்தது? எல்லாரும் 1960க்குப் பிறகு வந்த தொழிற்சாலைகளைச் சொல்வார்கள். நான் பத்து வருஷம் முன்னாடி போகிறேன். 1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று ஹெக்டேர், நம்ம கணக்கில் ஏறத்தாழ ஏழரை ஏக்கர். அதற்கு மேல் இருந்தால் அரசு எடுத்து உழுகிறவனுக்குக் கொடுத்தது. இலவசமாகக் கொடுக்கவில்லை. ஒரு வருஷ விளைச்சலில் ஒன்றரை மடங்கை ஐந்து வருஷத்தில் தவணையாகக் கட்டணும். கட்டி முடிச்சா நிலம் அவன் பேரில். நேற்று வரைக்கும் கைகட்டி நின்றவன் பேரில் பத்திரம்!

பத்திரம் கைக்கு வந்ததும் அந்த விவசாயி என்ன பண்ணினான் தெரியுமா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். பாதி விளைச்சல் நிலக்காரருக்குப் போனபோது பிள்ளை மாடு மேய்க்க வேண்டியிருந்தது. முழு விளைச்சலும் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை சிலேட்டு தூக்கியது. 1950களின் முடிவில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் தொடக்கப்பள்ளியில் இருந்தார்கள். பின்னாடி தொழிற்சாலை வந்தபோது, அளவு படிக்கத் தெரிந்த, வரைபடம் பார்க்கத் தெரிந்த கைகள் லட்சக்கணக்கில் தயாராக இருந்தன. கட்டடத்தை யாரும் கட்டிடலாம் ஐயா. அஸ்திவாரம் பத்து வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்.

உடனே எதிரணி நண்பர் எழுந்திருப்பார்: “அதெல்லாம் தலைவரோட திறமை! பார்க் சுங் ஹீ மாதிரி ஒரு கண்டிப்பான தலைவர் கிடைச்சா எந்த நாடும் முன்னேறும்.” கண்டிப்பு மட்டும் போதும் என்றால் மொபுட்டு காங்கோவைச் சொர்க்கமாக்கியிருக்க வேண்டுமே? பார்க் 1961இல்தான் ஆட்சியைப் பிடித்தார். நிலமும் பள்ளியும் அவருக்கு முன்னாலேயே மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த நிலச் சட்டத்துக்கு வழிபோட்ட வேளாண்மை அமைச்சர் சோ போங் ஆம். அவரை 1959இல் அரசியல் பகையால் தூக்கிலே போட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று 2011இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. மனுஷனைத் தூக்கிலே போட முடிந்தது. விவசாயி கையில் கொடுத்த பத்திரத்தைத் தூக்கிலே போட முடியவில்லை! (பலத்த கைதட்டல்)

வடக்கே என்ன ஆச்சு? அங்கேயும் 1946இல் நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். சில வருஷத்திலேயே கூட்டுப்பண்ணை என்று சொல்லி அத்தனையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கனிமம் வடக்கே, மின்சாரம் வடக்கே. 1990களில் பஞ்சத்தில் மக்கள் செத்ததும் வடக்கே. ஒரே மொழி, ஒரே இனம், ஒரே மலைத்தொடர். நடுவர் ஐயா, இதுக்கு மேலே ஒரு பரிசோதனை எந்த விஞ்ஞானியாலும் செய்ய முடியாதுங்க.

சரி, கொரியாவை விட்டு நம்ம ஊருக்கு வருவோம். இந்தத் திடலில் இருந்து அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டை. சேலத்திலிருந்து ஆத்தூர்க் கணவாய் வழியாகக் கடற்கரைப் பக்கம் போகிற பாதைக்குக் காவல் இந்த மலை. அதனாலேயே எத்தனை பேர் கண் இதன்மேல்! 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் படை உதவிக்கு விலையாக ஹைதர் அலியின் ஆட்களிடம் இந்தக் கோட்டையைக் கொடுத்தார்கள். 1761இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டை கை மாறிக்கிட்டே இருந்தது. கீழே உழுதவன் வாழ்க்கை மாறிச்சா? யார் கொடி பறந்தாலும் அவனிடம் வந்தவர்கள் வரி கேட்டுத்தான் வந்தார்கள்.

1792இல் சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு, அவர் கீழே தாமஸ் மன்றோ, இரண்டு பேரும் ஊர் ஊராக நிலத்தை அளந்தார்கள். ஜமீன்தார் நடுவில் வேண்டாம், உழுகிற ரயத்தின் பேரிலேயே கணக்கு எழுதுவோம் என்று தொடங்கினார்கள். மன்றோ 1820இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தபின் அதுவே மாகாணத்தில் பெரும்பகுதிக்கு முறையாச்சு. அதுதான் ரயத்துவாரி. மன்றோ நமக்குத் தர்மம் பண்ண வரலீங்க, வரி வாங்க வந்தாரு. அந்த வரி கடுமையான வரி. 1876 முதல் 1878 வரைக்கும் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டா வைத்திருந்தவனும் செத்தான். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு வேறுபாடு நின்றது. வங்காளத்திலும் பீகாரிலும் 1793இல் ஜமீன்தார் பேரில் எழுதினார்கள். இங்கே உழுகிறவன் பேரில் எழுதினார்கள். பின்னால் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜமீன்தார் கையில் இருந்த மாவட்டங்கள், நாடு விடுதலையாகி ஜமீனை ஒழித்த பிறகும் விளைச்சலிலும் பள்ளியிலும் மருத்துவத்திலும் பின்தங்கியே இருந்தன என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2000 வரைக்கும் நிலக்கரியும் பீகாரில்தான், இரும்பும் பீகாரில்தான் இருந்தது. வேலை தேடி ரயிலேறி இங்கே வருகிற பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகள்! அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் தாத்தாவின் பேரை யாரோ கணக்கில் எழுதாமல் விட்டார்கள். அதற்குப் பேரன் இன்னும் வட்டி கட்டுகிறான்.

“பீகார் தூரமாச்சே, நமக்கென்ன?” என்று நினைக்காதீங்க. கள்ளக்குறிச்சி தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினா வெள்ளிமலை. நம்ம கல்வராயன் மலை. எதிரணி நண்பர் வளம் வளம் என்றாரே, அங்கே போய்ப் பாருங்க. கடுக்காய், தேன், புளி, சாமை, மரவள்ளி, அருவி எல்லாம் இருக்கு. கீழே கோமுகி அணைக்குத் தண்ணி அந்த மலையிலிருந்துதான் இறங்குது. ஆனா அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர். மலையாளி பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் வெட்டிவேலை பார்த்தார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கீழே வந்த சட்டம் மலையேறவே இல்லை. 1976ஆம் ஆண்டுதான் அந்த ஜாகீர் ஆட்சி முடிந்தது. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்து!

நடுவர் ஐயா, அதே 1976ஐ மனசில் வெச்சுக்குங்க. அந்த வருஷம் தென் கொரியாவில் ஹூண்டாய் கம்பெனி, சொந்தமாகத் தயாரித்த போனி என்கிற காரைக் கப்பலேற்றி ஈக்வடார் நாட்டுக்கு அனுப்பியது. குத்தகை விவசாயியின் பிள்ளைகள் காலத்தில் அங்கே கார் ஏற்றுமதி. அதே வருஷம் நம்ம மலையில் ஒருத்தன் முதன்முதலா, “இனிமே வெட்டிவேலைக்கு வரமாட்டேன்” என்று சொல்ல முடிந்தது. அந்த ஹூண்டாய் 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யத் தொடங்கியது. இதோ, இந்தத் தேசிய நெடுஞ்சாலையில் போகுதே, அந்தக் காருக்கும் அந்த மலைக்கும் நடுவில் இருக்கிற தூரம் கிலோமீட்டரில் இல்லை ஐயா. 1950க்கும் 1976க்கும் இடையில் இருக்கிற 26 வருஷத்தில் இருக்கு. (கைதட்டல்)

அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. மலையிலிருந்து பிழைப்புத் தேடி ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்டப் போய்ச் சிறையில் கிடந்தவர்கள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி வழக்காக எடுத்தது. சாலை உண்டா, பள்ளி உண்டா, மருத்துவமனை உண்டா என்று நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது. வளம் இருந்தும் கேட்க வேண்டியிருந்தது.

சமவெளியிலும் எல்லாம் சரியா என்று யாராவது கேட்டால், இல்லீங்க. மன்றோ பட்டா எழுதினபோது நிலம் வைத்திருந்தவன் பேரில் எழுதினார். அந்த நிலத்தில் சேற்றில் நின்று நாற்று நட்ட கூலிக்காரன் பேரை எழுதவில்லை. சேரியில் இருந்தவன் பேரை எழுதவில்லை. அவனுக்கு நிலம் வரவில்லை. அவனைக் கொஞ்சம் தூக்கிவிட்டது எது என்றால் பள்ளிக்கூடம். 1956இல் காமராஜர் மதிய உணவு போட்டார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். பட்டா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தட்டுதான் பட்டா!

(நடுவர்: அப்போ தலைவர்கள்தானே காரணம்னு ஒத்துக்கிறீங்களா?)

ஒத்துக்கிறேன் ஐயா, ஒரு நிபந்தனையோட. நல்ல தலைவர் என்ன செய்தார்? தன் கையில் இருந்ததை எடுத்து, திரும்ப யாரும் பிடுங்க முடியாதபடி மக்கள் கையில் வைத்தார். சோறு தின்றவன் மறந்துடுவான். ஆனா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவனிடமிருந்து அந்த எழுத்தை எந்த ஆட்சியாலும் பிடுங்க முடியாது. அப்படி மக்கள் கைக்கு மாற்றிக் கொடுத்த தலைவர்களெல்லாம் எங்கள் அணிதான். (சிரிப்பு, கைதட்டல்)

தாய்மார்கள் நிறைய வந்திருக்கீங்க, உங்களுக்கும் ஒரு சாட்சி. வங்கதேசம் 1971இல் பிறந்தபோது, இது பிழைக்குமா என்று உலகமே சந்தேகப்பட்டது. எண்ணெய் கிடையாது, தங்கம் கிடையாது, வருஷா வருஷம் வெள்ளம். 1979இல் தேஷ் என்கிற கம்பெனி சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பி, டேவூ தொழிற்சாலையில் சட்டை தைக்கக் கற்றுக்கொள்ள வைத்தது. அவர்கள் திரும்பி வந்தார்கள். பிறகு பலர் தனித்தனியே தொழிற்சாலை தொடங்கினார்கள். இன்றைக்குச் சுமார் 40 லட்சம் பேர் அந்தத் தொழிலில், பெரும்பாலும் பெண்கள். 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் அந்தத் தொழிலில்தான். சுவரில் விரிசல் இருக்கிறது என்று தெரிந்தும், உள்ளே போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்களுக்கு இல்லாமல் போனது. வேலை மட்டும் கொடுத்தால் போதாது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வேண்டும் என்பதற்கு அவர்கள் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம வீட்டிலும் பார்க்கணும். 1989இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்தாச்சு. நம்ம வீட்டுப் பத்திரத்தில் மகள் பேர் வந்தாச்சா? “அதான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே” என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். ஜாகீர்தாரைக் குறை சொல்லிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஜாகீர் நடத்தினா எப்படிங்க? (சிரிப்பு) அம்மாமார்தான் முதலில் கை தட்டறீங்க, அப்பாமார் யோசிக்கிறாங்க! (சிரிப்பு)

நடுவர் ஐயா, எதிரணி நண்பர் கேட்டார், உரிமையை உலையில போட்டா சோறாகுமா என்று. ஆகும் ஐயா! உழுதவன் பேரில் நிலம் இருந்தபோது கொரியாவில் ஆச்சு. அது பிடுங்கப்பட்டபோது வடக்கே உலையே எரியவில்லை. எந்த வளம் இல்லாவிட்டாலும் ஜனங்கள் சமாளித்துவிடுவார்கள். விளைந்தது தன் வீட்டுக்கு வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்த மண்ணிலும் எவனும் மனசு வைத்து உழமாட்டான். ஆகவே, ஒரு நாட்டைச் செழிக்க வைப்பது மண்ணின் வளம் அல்ல, மக்களின் உரிமையே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்பை, நடுவர் ஐயா, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்க. வெள்ளிமலை வரைக்கும் கேட்கணும்.

 (நீண்ட கைதட்டல்)